ஆற்றுப் பக்கத்துக் கடற்கரை

வெளியூர்க்காரர்களுக்குக் காரைக்காலில் தெரிந்தது இரண்டே இடம்தான். ஒன்று திருநள்ளாறு, இன்னொன்று கடற்கரை.   சனிக்கிழமை விடியற்காலையில் நளதீர்த்தத்தில் முழுகி, சனீஸ்வரன் சன்னிதியில் வரிசை நின்று முடித்த வேன்களெல்லாம் வெயில் ஏறுவதற்குள் எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடும். ஊரிலிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டரும் வலக்கைப் பக்கம் அரசலாறு கூடவே வருகிறது. வேனுக்குள் இருக்கிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. கண்ணெல்லாம் முன்னால் தெரியப்போகும் நீலத்தின் மேலேயே இருக்கும்.

நான் வளர்ந்தது அந்த வலக்கைப் பக்கத்தில். கடற்கரை ஊரில் பிறந்தவன்தான், ஆனால் தண்ணீரில் இறங்கக் கற்றதெல்லாம் ஆற்றில்.

அரசலாறு காவிரியிலிருந்து பிரிந்து, கும்பகோணத்துக்குத் தென்புறமாக ஓடி, எங்கள் ஊரில் கடலில் விழுகிறது. விழுகிறது என்று பாடப்புத்தகத்தில் எழுதலாம். கோடையில் அது எங்கேயும் விழுவதில்லை, நிற்கிறது. 160 சதுர கிலோமீட்டர் உள்ள காரைக்கால் காவிரிக்குக் கடைமடை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்ததிலிருந்து ஜூன் 12 என்ற தேதி எங்களுக்குத் தீபாவளிக்குச் சமம். அன்று கதவு திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேர ஆடி பிறந்துவிடும். காவிரி வழக்கில், காரைக்காலும் சேர்ந்த புதுச்சேரிக்கென்று நடுவர் மன்றம் 2007-இல் ஒதுக்கியது 7 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018-இல் மற்ற சிலர் கணக்கைக் கூட்டிக் குறைத்தபோதும் அந்த ஏழைத் தொடவில்லை. ஏழும் காரைக்கால் வயலுக்குத்தான். வயல் குடித்தது போக மிச்சம் என்ன இருக்கும், முகத்துவாரத்துக்கு?

மறுபக்கம் கடல் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை கரைமணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று அதைத் திருப்பித் தெற்கே தள்ளும். போவது அதிகம், திரும்புவது குறைவு. இந்தப் போக்குவரத்துக்கு நடுவில் ஆறு வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டுமென்றால் உள்ளிருந்து தள்ளும் வேகம் வேண்டும். வேகம் இல்லாத மாதங்களில் மணல் வாயை நெருக்கிவிடும். என் சின்ன வயதில் சித்திரை, வைகாசியில் முகத்துவாரம் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடும். உள்ளே ஆறு அலை இல்லாமல், ஓட்டமும் இல்லாமல் ஏரி மாதிரி அகன்று கிடக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் அந்த மாதங்களில்தான். எங்களுக்காகவே கடவுள் ஏற்பாடு செய்தது என்று நம்பினோம்.

எங்களை அங்கே அழைத்துப்போனது அப்பாயி. அப்பாவின் அம்மா. அப்பாயிக்குக் கடல் ஆகாது. பயம் என்று சொல்ல முடியாது, ஒரு கோபம். அவளுடைய தமையன் சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் காரைக்காலில் வீட்டுக்கு ஒருவர் சைகோனில் இருந்த தெருக்கள் உண்டு. சிலர் பணத்தோடு வந்து மாடி கட்டினார்கள், சிலர் கடிதத்தோடு நின்றார்கள். அவர் கடிதமும் நின்றது. அதிலிருந்து அப்பாயி கடலைப் பார்த்து உட்கார மாட்டாள். சாயங்காலக் காற்றுக்குப் போனாலும் சாலையோரம் ஆற்றைப் பார்த்துத்தான் உட்காருவாள். "கடலுக்கு எடுக்கத் தெரியும், குடுக்கத் தெரியாது. ஆத்துல எறங்குங்கடா" என்பாள். நாங்கள் அதற்குள் இறங்கியிருப்போம்.

சாலையை விட்டு இறங்கினால் கருவேல மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அது போய் முடிகிற இடத்தில் ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு மணல். கடலோரத்திலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், பொடிப்பொடியாக இருக்கும். விளிம்பில் அடம்புக்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். அதைத் தாண்டித் தண்ணீர். முதல் பத்தடி கணுக்கால், அடுத்த பத்தடி முழங்கால், அதற்கப்புறம் களிமண் காலைக் கவ்வும். களிமண் தொட்டதும் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பாயி போட்ட சட்டம். வேறு கயிறோ வேலியோ கிடையாது.

மணலும் சேறும் சேர்கிற இடத்தில் வெள்ளரி விதை அளவிலிருந்து நகம் அளவு வரை நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிதாக இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும். நாம் அசையாமல் உட்கார்ந்தால் நூறு கை ஒரே நேரத்தில் ஆடும். ஒருத்தன் இருமினால் போதும், அத்தனையும் வளைக்குள் போய்விடும். சேற்றில் துளைகள் மட்டும் இருக்கும். மறுபடி முதல் கை வெளியே வருவதற்கு நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். சினிமாக் கொட்டகையில்கூட நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண்கள் சிலர் இறால் தடவ வருவார்கள். இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையையும் சேற்றில் அகல விரித்து, மெல்லக் கூட்டிக்கொண்டே நகர்வார்கள். பனையோலைப் பறியின் கயிறு பல்லில் இருக்கும். இறால் அகப்பட்டதும் கை மேலே வரும்; பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி கீழே போகும். முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே, வாயில் கயிறு, பேச்சே இருக்காது. வலை இல்லை, தூண்டில் இல்லை. கண்ணும் தேவைப்படாத வேலை. ஒருநாள் கரையேறும்போது ஒருத்தி பறியைச் சரித்துக் காட்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் உயிரோடு துடிக்கிற இறால், ஒரு படி தேறும். அப்பாயி மடியிலிருந்து காசை அவிழ்த்து அங்கேயே வாங்கிவிட்டாள். அன்றைக்கு முருங்கைக்காய் போட்டு வைத்த குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை திசைமாறும்.

ஆடியில் புதுத் தண்ணீர் வரும் முதல் சில நாட்கள் தனி. காவித் தண்ணீர் மேலாக வந்து பரவும். உப்புத் தண்ணீர் கனமானது, அது கீழேயே தங்கிவிடும். நின்றபடி ஒரு கை அள்ளிக் குடித்தால் இனிக்கும். முங்கி அடியிலிருந்து ஒரு வாய் எடுத்தால் கரிக்கும். மேட்டூர்த் தண்ணீரும் வங்காள விரிகுடாவும் எங்கள் தொப்புளுக்கு மேலும் கீழுமாக நிற்கும். புவியியல் வாத்தியார் சொன்ன எதுவும் இப்போது நினைவில்லை, இந்த இரண்டு ருசியும் இருக்கிறது.

கடல் ஏன் கூடாது என்பதை அப்பாயி விளக்கியதில்லை. விளக்கியது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கிளிஞ்சல்மேட்டுப் பெரியவர் ஒருவர். கட்டுமரத்தில் போய் வயதாகி நின்றவர். "அலை அடிக்கிற எடத்துல நில்லு தம்பி. அலை அடிக்காத எடத்துல நிக்காத" என்றார். எனக்குத் தலைகீழாகப் பட்டது. அதன் கணக்கு பின்னால்தான் புரிந்தது. கரைக்கு வந்து உடைகிற அலை அத்தனை தண்ணீரையும் மேலே ஏற்றிவிடுகிறது. அது எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். கரைக்கு இணையாகத் தண்ணீருக்கடியில் இருக்கும் மணல்மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக மொத்தமும் சேர்ந்து பாய்ந்து வெளியேறும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் அந்த இடத்தைத்தான் தேடிப் போய் இறங்குகிறார்கள். இழுத்துப் போனால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வர வேண்டும். இது கடலோரத்துப் பிள்ளைகளுக்கே தெரியும் என்று சொல்ல முடியாது, திருநள்ளாற்றுக்கு வந்துவிட்டு ஈர வேட்டியோடு இறங்குகிறவர்களுக்கு எங்கே தெரியும்? எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதில் துணியைக் காயப்போட்டுவிட்டு இறங்குகிறார்கள்.

வருஷத்தில் ஒருநாள் அப்பாயி கடலோடு சமாதானம் செய்துகொள்வாள். மாசிமகம். திருக்கண்ணபுரத்து சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடலுக்கு வருவார். மீனவ ஜனங்களுக்கு அவர் சாமி மட்டுமல்ல, தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. தோளில் ஏற்றிக்கொண்டு "மாப்பிள்ளே, மாப்பிள்ளே" என்று கூப்பிட்டபடி மணலில் ஓடிவரும்போது கூட்டம் சாமி கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்யும். அப்பாயி மூன்று கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவிடுவாள்.

2004 டிசம்பர் 26 சுனாமியை அவள் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று எங்கள் மீனவக் கிராமங்கள் ஒன்று பாக்கியில்லாமல் அடிவாங்கின. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கடல் உள்ளே நுழைய ஆற்றின் வாயையும் பயன்படுத்திக்கொண்டது. நாங்கள் பாதுகாப்பு என்று நம்பிய அதே தண்ணீர் வழியாகத்தான் படகுகள் புரண்டு உள்ளே வந்தன. ஆற்றைப் பரிசுத்தவானாக்கிக் கடலைக் குற்றவாளியாக்கும் எண்ணம் எனக்கு அன்றோடு போயிற்று.

ஆனாலும் அதற்கடுத்த வருஷம் அம்மா வீட்டை விட்டுச் சாயங்காலக் காற்றுக்குக் கிளம்பியது ஆற்றை நம்பித்தான். சாலையில் பாதிவரை வருவாள். கலங்கரை விளக்கம் பக்கத்தில் தெரிய ஆரம்பித்ததும் கால் நின்றுவிடும். அந்த இடத்தில் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, கைப்பிடிச் சுவரில் உட்காருவாள். மடவை ஒன்று துள்ளி விழுந்தால், "அங்க பாரு" என்பாள். பல மாதம் அவள் தானாகச் சொன்ன வார்த்தைகளே அவ்வளவுதான். அங்கே அப்படி உட்கார்ந்திருந்தவள் அம்மா மட்டுமில்லை. பெயர் தெரியாத நாலைந்து பேர் தினம் வருவார்கள், எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரிடமும் காரணம் கேட்டதில்லை.

ஆற்றங்கரையைக் கடற்கரையாக்கிக்கொள்ளும் புத்தி எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிரான்ஸ் போனபோதுதான் அது பெரிய ஊர்ப் புத்தி என்று தெரிந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல், பிரெஞ்சுக்காரன் வசமிருந்த எங்கள் ஊர்கள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை இருந்தது. எங்கள் தாத்தா கையெழுத்துப் போடவில்லை. பட்டாளத்தில் இருந்த சின்னத்தாத்தா, ஊர்ப் பேச்சில் சொல்தா, போட்டார். ஒரே வீட்டுத் திண்ணையில் இரண்டு தேசம். அவர் மகன், எனக்குச் சித்தப்பா, போர்தோவில் இருக்கிறார். ஒரு ஆகஸ்டில் நான் அங்கே போயிருந்தேன்.

சித்தப்பா முதலில் லக்கானோ கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அட்லாண்டிக். நம்முடைய வங்காள விரிகுடா இதன் முன் தங்கச்சி முறை என்று தோன்றியது. கொடி நட்டு, இரண்டு கொடிக்கு நடுவில் மட்டும் குளிக்கலாம் என்று காவலர்கள் ஊதலோடு நிற்கிறார்கள். அங்கேயும் அதே பள்ளம், அதே இழுப்பு. பள்ளத்துக்குப் பாயின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிளிஞ்சல்மேட்டுப் பெரியவர் சொன்னதைப் பலகையில் படமாகப் போட்டு விளக்கியிருந்தார்கள். சித்தி காரை விட்டே இறங்கவில்லை. "எங்களுக்கு எடம் இது இல்ல, வாப்பா" என்றார்.

அவர்கள் இடம் கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி இருந்தது. அந்தக் கரை நெடுக, கடலுக்கு இணையாக, மணல்மேடுகளுக்குப் பின்னால் வரிசையாக நன்னீர் ஏரிகள். ஒரு காலத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஓடைகளைக் காற்றடித்த மணல் மறித்துவிட, தேங்கியவை. நாங்கள் போன ஊர்த்தேன்-கார்க்கான் ஏரி 15 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மணல் உள்ளே வராமல் இருக்க 19-ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டு நட்ட பைன் மரக்காடு சுற்றிலும் நிற்கிறது. மொபுய்சோன் என்ற சின்ன ஊரில் ஏரியோரம் வெள்ளை மணல். கைக்குழந்தைக்காரர்கள், கர்ப்பிணிகள், கிழவன் கிழவிகள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். அரை பர்லாங் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவி நாற்காலியைத் தண்ணீருக்குள் போட்டுக் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் போன வருஷமும் சந்தித்திருக்க வேண்டும், தலையசைத்துக்கொண்டார்கள். மரத்தடியில் புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது நான் ஏதோ பெரிதாகப் பாராட்டப் போனேன். சித்தப்பா முந்திக்கொண்டார்: "என்னடா பாக்குற? நம்ம அரசலாறுதான். தொடச்சு வெச்சிருக்கான், அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவனும் மணல் அடைத்த தண்ணீர்தான் வைத்திருக்கிறான், நாமும் அதுதான். அவன் அதைக் கடற்கரைக்கு ஈடான இன்னொரு கரை என்று கணக்கில் வைத்தான். நாம் கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கிற பள்ளம் என்று வைத்தோம்.

இப்போது எங்கள் ஒற்றையடிப் பாதை இல்லை. சுனாமிக்குப் பிறகு முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம் வந்தது. விசைப்படகு போய்வர வழி வேண்டும் என்று மணலை அள்ளுகிறார்கள், மறுபடி சேர்கிறது, மறுபடி அள்ளுகிறார்கள். அது வேண்டியதுதான், ஆயிரம் குடும்பத்துச் சோறு அதில் இருக்கிறது. சாலையோரம் நடைபாதை, விளக்கு, உல்லாசப் படகுத்துறை எல்லாம் வந்திருக்கின்றன. சாயங்காலம் பஜ்ஜி வாசனையோடு கூட்டம் கலகலவென்று இருக்கிறது, எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம் எல்லாம் தண்ணீரில். ஊர்ச் சாக்கடை சேர்கிற இடங்களில் கரையோரம் கறுத்துப்போயிருக்கிறது. சில நாட்கள் டீசல் படலம் வானவில்லாக மிதக்கிறது. மணலில் காகிதக் கப், தண்ணீர் பாக்கெட், தீர்த்தமாடியவர்கள் விட்டுப்போன துணி. பெரிய கை நண்டு இன்னும் இருக்கிறது. போன கோடையில் தங்கை மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். பிறகு, "இதுல எறங்கலாமா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்பாயி அந்தக் கேள்விக்கு ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாக்கடையைச் சுத்திகரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடலுக்கு எதிரே போடுகிற சிமெண்ட் பெஞ்சில் நாலு ஆற்றுப் பக்கம் திரும்பலாம். ஆழமில்லாத ஓரிடத்தில், முகத்துவாரத்திலிருந்து எட்டி, குழந்தைகள் இறங்கப் படித்துறையும் குறுக்கே ஒரு கயிறும் போடலாம். சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதி அங்கே இறங்கினால் கடலோரக் காவலர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

அதுவரைக்கும் காரைக்கால் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலைப் பாருங்கள், கணுக்கால் நனையுங்கள், அதோடு வந்துவிடுங்கள். நாலரை மணி வாக்கில் ஆற்றுப் பக்கம் உட்காருங்கள். எங்கள் ஊரில் சூரியன் மறைவது அந்தப் பக்கம்தான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும்போது ஆற்றோரமும் வேண்டாம். தண்ணீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்துக்குக் கிட்டே எந்த மாதத்திலும் இறங்காதீர்கள், அங்கே ஆறும் கடலும் ஒரே பக்கம் இழுக்கும். டீ குடித்த கப்பைக் கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.